சிவப்புக் கொடிக்குப் பின்னால் ஒரு லாரி

"கஃபாரு, இஞ்சின் மூச்சு முதுகுல சுடுது. கொஞ்சம் தள்ளி வா."

திரும்பிப் பார்க்காமலே இதைச் சொல்லிவிட்டு இருதயராஜ் நடப்பார். வலது கையில் சிவப்புக் கொடி. பின்னால், தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டை மூட்டைகளை ஏற்றிய லாரி, முதல் கியரில் உறுமிக்கொண்டு, அவர் கால் வைக்கிற வேகத்தில் வரும். அவர் தும்மினால் அது நிற்கும். அவர் பீடி பற்றவைத்தால் அதுவும் ஓரமாக நின்று புகை விடும். அதற்கும் பின்னால், வழி கிடைக்காமல், சைக்கிளை உருட்டிக்கொண்டு நான். வாத்தியார் நான் போய்ச் சேருவதற்குள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்திருக்கும். எனக்கு வயிறு எரியும்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்று ஓரம், தோல் பதனிடுகிற ஷாப்புகளால் பிழைக்கிற ஊர். ஸ்டேஷனிலிருந்து ஷாப்புகளுக்குப் போக ஒரே ஒரு ரோடு. அதில் தோல் வண்டி, பட்டை வண்டி, ஆடு, சைக்கிள், மனிதர் என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடும். இந்த லட்சணத்தில்தான் அப்துல் ஹமீத் சாயபு தம் ஷாப்புக்கு ஒரு லாரி வாங்கினார். வந்த அன்றே அதன் ஹாரனுக்குப் பட்டை வண்டி மாடுகள் மிரண்டன. வண்டிக்காரன், ரோட்டோரத்தில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் விழுந்தான். நல்லவேளை, அது காரம் போன பழைய குழி. தலை முதல் கால் வரை வெள்ளையாக எழுந்து வந்தவனைப் பார்த்து அவன் மாடுகளே இரண்டாவது முறை மிரண்டன.

ஊர் போர்டு கூடித் தீர்மானம் போட்டது: ரோட்டைச் சீர்செய்து முடிக்கும்வரை லாரிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்கவேண்டும், கூலி லாரிக்காரர் பொறுப்பு. கொடிக்கு எங்கே போவது என்று சாயபு யோசித்துக்கொண்டிருந்தபோது, கொடியோடு ஓர் ஆளே வந்து நின்றார்.

இருதயராஜ் ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் இருந்தவர். ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காக்கிக் கோட்டு ஒன்றும் கொடி இரண்டும் அவரோடு வந்துவிட்டன. எப்படி வந்தன என்று கேட்டால், "அதுங்களுக்கும் வேலை போய்ட்ச்சி, பாவம்" என்பார்.

வேலை போனாலும் கேட் அவரை விட்டுப் போகவில்லை. லாரி மசூதித் தெரு முனையில் திரும்பும்போது, இரண்டு கைகளையும் நீட்டி, நடப்பவர்களை நிறுத்திவிடுவார். "கேட் மூடியாச்சு." தலையில் தோல் கட்டோடு வருகிறவன் முதல் மசூதி ஹஜ்ரத் வரை எல்லாரும் நிற்பார்கள். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்: "ஏங்க, இங்கே கேட்டே இல்லையே?"

"நான் நின்னா கேட்டு, வாத்தியாரே."

நானும் நின்றேன். வேறென்ன செய்ய?

இரண்டாவது கொடி பச்சை. அதை இறுகச் சுருட்டி இடது அக்குளில் வைத்திருப்பார். ஒரு தடவைகூட விரித்ததில்லை. "பச்சை எதுக்கு?" என்றால், ரோட்டின் குண்டுகுழிகளை மோவாயால் காட்டி, "பச்சை காட்டற மாதிரியா இருக்குது இந்த லைனு?" என்பார்.

லாரி ஓட்டுகிற அப்துல் கஃபாரைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்பு சாயபுவின் மாட்டுவண்டியை ஓட்டியவன். லாரி ஓட்டப் பழகியதே இருதயராஜின் முதுகுக்குப் பின்னால்தான். இரண்டாவது கியர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், போட்டதில்லை. நடந்து போகிற பெண்கள் லாரியை முந்திக்கொண்டு போய், கடையில் வெற்றிலை வாங்கித் திரும்பும்போது, எதிரே வருகிற கஃபாரிடம் மறுபடி நலம் விசாரிப்பார்கள்.

ஒருவழியாக ரோடு வேலை தொடங்கியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நடுவில் லாரிக்கும் வண்டிக்கும் பாதை. அதை ஒட்டி சைக்கிளுக்கு. அதற்கும் வெளியே, ஒரு சாண் உயர்த்தி, நடப்பவர்களுக்கு மேடை. இடையிடையே சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல். வேலை முடிந்தால் இருதயராஜுக்கு வேலை இல்லை. இது ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் மனுஷன் செய்த காரியத்தைப் பாருங்கள்: லாரியை நடுவழியில் நிறுத்திவிட்டு, ஜல்லி கொட்டுகிற மேஸ்திரியோடு சண்டைக்குப் போனார்.

"இன்னா மேஸ்திரி, ஜல்லி இவ்ளோ கம்மியா போடற? லோடு வண்டி போனா பள்ளம் வுழாதா? இன்னும் கொட்டு."

சோற்றுத் தூக்கோடு வந்த அவர் மனைவி அமிர்தவள்ளி இதைக் கேட்டுவிட்டாள். "உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிற. அதுலயும் ஜாஸ்தியா போடுங்கற. வீட்ல ரெண்டு பொண்ணு இருக்குது, ஞாபகம் இருக்குதா?"

"லைனு சரியில்லன்னா மனசு கேக்கல, வள்ளி."

பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, "மோட்டார் லைன்ல, முன்னணியில" என்று சொல்லிவைத்திருந்தார். அந்த முன்னணி இன்னும் கொஞ்ச நாள்தான். "ரோடு முடிஞ்சிட்டா என்னை யாரு வெச்சிக்குவாங்க, வாத்தியாரே?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். வழி விடாத மனுஷனாயிற்றே என்று அதுவரை இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

மேடைதான் முதலில் தயாரானது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், நடக்க இடமில்லை. ஷாப்பில் ஆட்டுமயிர் அலசிக் காயவைக்கிற ராஜம்மாள், ஈர மயிரை மேடை நெடுக விரித்துவிட்டு, குச்சியோடு காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஷாப்புக்காரர்களின் பட்டை காய்ந்தது.

"இது நடக்கிறதுக்குக் கட்டியது அம்மா," என்றேன்.

"நடக்க எங்க வேணா நடக்கலாம். இவ்ளோ சுத்தமா, மேடா, வெயிலா ஒரு எடம் எங்க கெடைக்கும்? நமக்குன்னே கட்டிக் குடுத்திருக்காங்க, மகராசனுங்க."

ஆக, நடப்பவர்கள் சைக்கிள் பாதைக்கு இறங்கினார்கள். சைக்கிள்காரர்களாகிய நாங்கள் லாரிப் பாதைக்கு இறங்கினோம். லாரி எங்கே இறங்குவது என்று யாரும் யோசிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் சாயபு இருதயராஜைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நாளைலேர்ந்து கொடி வேணாம்னு போர்டுல சொல்லிட்டாங்க. எனக்கும் பேஜாரா இருக்குது. ஷாப்புல பட்டை இடிக்க வர்றியா?"

"பட்டைத் தூளு இருமல் குடுக்கும், சாயபு," என்று சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார். கோட்டில் இருந்த ஒரே பித்தளைப் பொத்தானைத் துடைத்துக்கொண்டே வந்ததாக அமிர்தவள்ளி சொன்னாள்.

விழாவன்று போர்டு தலைவர் மாலையோடு வந்து நாடாவை வெட்டினார். இருதயராஜ் மேடையில், ராஜம்மாள் பெரிய மனது பண்ணி ஒதுக்கிக்கொடுத்த கொஞ்சம் இடத்தில், மனைவியோடு நின்றிருந்தார். கையில் சிவப்பு, அக்குளில் பச்சை, பழக்க தோஷம். கஃபார் இஞ்சினை முடுக்கினான். லாரி நடுங்கியது. நகரவில்லை.

"ஏன் நிக்கற? போ," என்றார் சாயபு.

"எங்க போறது, சாயபு? முன்னாடி யாருமே இல்ல."

"அதான் ரோடு இருக்குதே."

"இருக்குது. இவ்ளோ ரோட்டை நான் பாத்ததே இல்ல. கொடியத்தான் பாத்துக்கினு வந்தேன்."

தலைவர் கையை வீசி உற்சாகப்படுத்தினார். கஃபார் கண்ணை மூடித் திறந்து வண்டியை விட்டான். லாரி பாம்பாக நெளிந்து எல்லைக்கல் ஒன்றைச் சாய்த்தது. முன்னால் இருந்த நாங்கள் சைக்கிளோடு சைக்கிள் பாதைக்குத் தாவ, அங்கிருந்தவர்கள் மேடைக்குத் தாவ, ஆட்டுமயிர் பறந்து தலைவரின் மாலையில் போய் ஒட்டிக்கொண்டது. லாரி மறுபடி நின்றது. கஃபார் மேடையைப் பார்த்து, அழாத குறையாக, "அண்ணே" என்றான்.

எல்லாரும் இருதயராஜைப் பார்த்தோம். அவர் சிவப்பை உயர்த்தப் போனார்.

"சிவப்பு கூடாது," என்றார் தலைவர், மயிரைத் துப்பிக்கொண்டே. "இனிமே இது ஆபத்தில்லாத ரோடு. சிவப்புக் கொடி இங்கே வரக்கூடாதுன்னு தீர்மானமே இருக்கு."

உயர்ந்த கை கீழே இறங்கியது. அமிர்தவள்ளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இருதயராஜ் கொஞ்ச நேரம் புது ரோட்டைப் பார்த்தார். ஜல்லி நன்றாகத்தான் படிந்திருந்தது. சிவப்புக் கொடியைச் சுருட்டி மனைவியிடம் கொடுத்தார். மேடையிலிருந்து இறங்கி, லாரிக்கு முன்னால் தம் வழக்கமான இடத்தில் போய் நின்றார். அக்குளிலிருந்து பச்சைக் கொடியை எடுத்து ஒரு உதறு உதறி, மடிப்புக் கலையாத அந்தத் துணியைத் தலைக்குமேல் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார்.