பார்க்கலாம் என்று சொல்லி டெக்சாஸ் போனது

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் பிளசன்டன் வீட்டுக்கு யாராவது ஒரு பிள்ளையை அழைத்துக்கொண்டு வருவார்கள். "அங்கிளுக்கு எல்லா ப்ரொசீஜரும் தெரியும், கேளு" என்பார்கள் பெற்றோர். பிள்ளை என்னைக் கேட்காமல் போனை எடுத்து அதனிடம் கேட்கும். நான் காபி கொடுத்து அனுப்புவேன். அவர்கள் போன பிறகு, என் மகளுக்குக் கல்லூரி தேடிய வசந்தம் நினைவுக்கு வரும்.

அவளுக்கு இரண்டு இடத்தில் ஜியாலஜி கிடைத்திருந்தது. ஒன்று எங்கள் மாநிலத்துப் பல்கலைக்கழகம், ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம். இன்னொன்று டெக்சாஸில். நான் மூன்று பத்திகள் போட்டு ஒப்பிட்டேன். படிப்பில் இரண்டும் சமம். செலவில் டெக்சாஸ் தோற்றது. வெளிமாநிலப் பிள்ளைகளிடம் அவர்கள் கேட்கும் கட்டணத்தைப் பார்த்தால் எண்ணெய்க் கிணறுகள் வற்றிவிட்டனவோ என்று தோன்றும். மூன்றாவது, வளாக வாழ்க்கை. நான் படித்த காலத்தில் அதற்கு மெஸ் சாம்பாரைத் திட்டுவது என்று பொருள். அதற்கு அதிக மதிப்பெண் ஒதுக்கவில்லை.

எந்தப் பத்தியிலும் எழுதாத காரணம் ஒன்று இருந்தது. பக்கத்தில் படித்தால் வெள்ளிக்கிழமை மாலை துணி மூட்டையோடு வீட்டுக்கு வருவாள். டெக்சாஸ் போனால் வருடத்துக்கு இரண்டு முறை விருந்தாளி மாதிரி வருவாள். ஒரே பெண்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் டெக்சாஸ் பற்றிக் கேட்டாள். நான் "பார்க்கலாம்" என்றேன்.

நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சைக்கிள் கேட்டபோது என் அப்பா அதைத்தான் சொன்னார். நான் அத்தோடு சைக்கிளை மறந்தேன். ஆனால் என் மகள் தமிழை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தவள். பார் என்றால் பார். மறுநாள் அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அவள் பதில்கள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும்.

"கேம்பஸ் டூர் புக் பண்ணிட்டேன், மூணு பேருக்கு. நீங்கதானே பார்க்கலாம்னு சொன்னீங்க?"

மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "வாரா வாரம் தமிழ் கிளாஸுக்கு டிரைவ் பண்ணிக் கொண்டுபோய் விட்டது யாரு? அனுபவிங்க."

ஹூஸ்டனில் இறங்கி, நம்மூர்க் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட் தெருவில் இட்லி சாப்பிட்டு, வாடகைக் காரில் போனோம். வளாகத்தைச் சுற்றிக் காட்டிய பெண் எங்களைப் பார்த்துப் பேசியபடி பின்பக்கமாகவே நடந்தாள். அவள் தடுக்கி விழுவாளோ என்று கவலைப்பட்டதில் நான் கட்டிடம் எதையும் கவனிக்கவில்லை. ஜியாலஜித் துறையின் நடையில் பாறைத் துண்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் வருடத்திலேயே பாலைவனத்துக்குக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைப்பார்களாம். அங்கிருந்த மாணவர்களிடம் என் மகள் ஒரு கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், நிறுத்தவில்லை. வீட்டில் "ஓகே", "வாட்டெவர்" தாண்டாதவள். மனைவியும் நானும் சுவரோரம் நின்று, யாரோ வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு, கட்டண உதவி அலுவலகத்துக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். துறை அவளுக்கு ஒரு ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தது, அது போதாது என்பதை அதிகாரி வாயாலேயே அவள் கேட்கட்டும் என்று எண்ணம். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் மிகவும் தன்மையானவர். "ஸ்காலர்ஷிப்பைக் கழித்துக்கொள்வோம். ஆனால் வெளிமாநிலக் கட்டணம் மாறாது" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எதிர்பார்த்து வந்த பதில் அதுதான். எழுந்து நன்றி சொல்லி வந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னது தப்பு. உள்ளூர்ப் பிள்ளைகளோடு போட்டியிட்டு வாங்கிய ஸ்காலர்ஷிப், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உள்ளூர்க் கட்டணமே போதும் என்று அங்கே விதி இருக்கிறது. அது எனக்கு முன்பே தெரியும், வீட்டில் சொல்லவில்லை. ஒரு விதியை யாராவது தவறாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. வேலையில் பதவி உயர்வு தள்ளிப்போனதெல்லாம் இதனால்தான்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். விதியைச் சொன்னேன். எந்தப் பக்கத்தில் தேட வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் தேடினார், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். "நீங்கள் சொல்வதுதான் சரி. இவளுக்கு அது பொருந்தும்."

மகள் நாற்காலியோடு திரும்பி என்னைக் கட்டிக்கொண்டாள். இதற்காகத்தான் அப்பா இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறாள்.

கார் நிறுத்துமிடத்தில் மனைவி மெதுவாகக் கேட்டாள். "அவளுக்காகவா பேசினீங்க?"

"அந்தம்மா தப்பா சொன்னாங்க."

"அதானே பார்த்தேன்." கொஞ்ச தூரம் நடந்து, "பரவால்ல விடுங்க" என்றாள்.

ஹூஸ்டன் விமான நிலையத்தில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினாள். சேர்க்கையை உறுதிசெய்ய வேண்டும், எதை முதலில் அழுத்துவது என்று தெரியவில்லை.

"சேர்றேன்னு கொடுத்துட்டு, உடனே ஹாஸ்டல் ரூமுக்கு அப்ளை பண்ணு" என்றேன். "முதல்ல கேக்கறவங்களுக்குத்தான் நல்ல ரூம். ஓரியன்டேஷன் அப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் ஒவ்வொன்றாக அழுத்த, நான் அடுத்ததைச் சொன்னேன். எங்கள் தலைகள் அந்தச் சின்னத் திரைமேல் இடித்துக்கொண்டன. மனைவி கண்ணாடிக்கு வெளியே விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் என்னை ஒட்டி அவ்வளவு நேரம் உட்கார்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் படிவத்தில் இன்னும் இரண்டு பக்கங்கள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.