பிரேக் மேடத்தின் வலது கால்

பல் டாக்டர் கருவியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலே போதும், அவள் வலது கால் நீண்டு நாற்காலியின் கால்பலகையை ஓர் அழுத்து அழுத்தும். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்சீட்டுக்காரர் கீழே வைத்த பை நசுங்கும். மாடிப்படியில் அண்ணன் கொஞ்சம் வேகமாக இறங்கினாலும், சமையலறையில் நிற்கிறவளின் கால் தரையைத் தேய்க்கும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கிறதே, அதை இருபத்திரண்டு வருஷமாக மிதித்து மிதித்து, உலகம் பூராவும் தனக்கென்று ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் கால் முடிவு கட்டிவிட்டது.

மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் மேடம். அது அவளுக்கும் தெரியும், கோபமில்லை. கோபமெல்லாம் வண்டிக்குள்தான். "முன்னாடி பாருங்க சார், என் மூஞ்சியில ரோடு இல்ல" என்பாள். கிளட்சை வெடுக்கென்று விடுகிறவர்களிடம், "தூங்கற குழந்தைகிட்டேருந்து கையை எடுக்கற மாதிரி எடுங்க" என்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் மகளைத் தூங்கவைத்த பழக்கத்தில் வந்த பேச்சு அது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளியில் கடைசி வகுப்பு. ஒருநாள் சாப்பாட்டு மேசைமேல் ஒரு ஃபாரத்தை வைத்தாள். ராணுவம் காலேஜ் ஃபீஸைக் கட்டும், படிக்கும்போதே அதிகாரிப் பயிற்சியும் நடக்கும், படிப்பு முடிந்ததும் எட்டு வருஷம் அங்கே வேலை பார்க்க வேண்டும் என்றாள். மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மாத்திரை தெரியும், மிலிட்டரி தெரியாது. அத்தை விசாரிக்கட்டும். அவ சரின்னா கையெழுத்து போடறேன்" என்று தங்கை தலையில் கட்டிவிட்டார். அண்ணியும் அப்பாடா என்று தலையாட்டினாள்.

மறுநாளே அத்தை நோட்டுப் புத்தகத்தோடு ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். லைசென்ஸ் வாங்கிக்கொடுத்த பழக்கம் சும்மா விடுமா? முதல் தடவையே எத்தனை பேர் பாஸாவார்கள், கண்ணாடி போட்டவர்களை எடுப்பீர்களா, காலையில் எழுப்பிவிட ஆள் உண்டா, தலைக்குக் குளித்தால் காயவைக்க நேரம் தருவீர்களா என்று பதினோரு கேள்வி. கூடப் போயிருந்த அண்ணன் பெண்ணுக்கு மானமே போயிற்று. பன்னிரண்டாவதுதான் அத்தை நிஜமாகக் கேட்க வந்தது. "நடுவுல வேணாம்னு தோணிச்சுன்னா?"

முதல் வருஷத்துக்குள் விலகிக்கொள்ளலாம், அதற்குமேல் முடியாது என்றார் அதிகாரி. மேசைக்கடியில் டொக்கென்று ஒரு சத்தம். அவர் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார், கால்" என்றாள்.

தேர்வில் ஓட்டமும் உண்டு: இரண்டு கிலோமீட்டர், பத்து நிமிஷம். அதை ஓடி முடிக்காமல் ஃபாரத்தை அனுப்பப்போவதில்லை என்று பெண் தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள். கிடங்குகளுக்குப் பின்னால் ஆளில்லாத ரோட்டில் தினமும் காலை அவள் ஓட, பின்னாலேயே பயிற்சி வண்டி வரும். ஓட்டுவது ஒரு தையல்காரர். முப்பது பாடம் முடிந்தும் இரண்டாவது கியரைத் தாண்டாத மனிதருக்கு, ஓடுகிற பெண்ணின் வேகத்தில் போவது சொர்க்கமாக இருந்தது. மீட்டரில் இரண்டு கிலோமீட்டர் ஆனதும் அத்தை ஹாரன் அடித்துக் கடிகாரத்தைப் பார்ப்பாள். பத்து நிமிஷம் நாற்பது வினாடி. மறுநாள் முப்பத்தெட்டு. மூன்று வாரமாக அங்கேயே நின்றது.

"பரவால்லடா கண்ணு" என்பாள் அத்தை. உள்ளுக்குள் என்னவோ குளுகுளுவென்றுதான் இருந்தது. வேண்டாம் என்று தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கடிகாரமே சொல்லிவிடும். இந்தப் பிள்ளை போய்விட்டால் வீட்டில் யாரோடு சண்டை போடுவது? அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே நன்றாகத் தூங்கினாள்.

ஃபாரம் அனுப்பக் கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது வண்டி பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றிவிட்டு, "யார் மேடம் இதைப் போட்டது? சைஸ் பெருசு. மீட்டர் ஒரு கிலோமீட்டர் காட்டறப்ப வண்டி நூறு மீட்டர் கூடவே போயிருக்கும்" என்றார். போட்டது சாட்சாத் இவளேதான், போன வருஷம், மலிவாகக் கிடைத்தது என்று. அங்கேயே மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு கிலோமீட்டருக்கு இருநூறு மீட்டர் அதிகம். அதை ஓட ஒரு நிமிஷம். பெண் எப்போதோ தேறிவிட்டாள்.

வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று காலை போயிற்று. மூன்றாம் நாள் ஓடி முடித்த பெண் ரோட்டோரம் உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள்.

"விடுங்க அத்தை. நாளைக்குக் கடைசி நாள். நான் இதுக்கு லாயக்கில்ல போல."

அழவில்லை. அழுதிருந்தால் அத்தை எப்படியாவது சமாளித்திருப்பாள்.

"மீட்டர் தப்பு" என்றாள். "டயர் பெருசு. தினமும் இருநூறு மீட்டர் கூட ஓடியிருக்க. எனக்கு மூணு நாளாத் தெரியும்."

தையல்காரர் இன்ஜினை அணைத்தார், முதல்முறையாக வண்டி குலுங்காமல். பெண் அவிழ்த்த முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு நாளாவா?"

"மூணு நாளா. நீ போயிடுவியேன்னு."

"அப்போ அந்த அறுநூறு மீட்டர இப்ப நீங்க ஓடுங்க."

ஓடினாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க. பின்னால் தையல்காரர் முதல் கியருக்கு இறங்கி வந்தார். அத்தையின் சீட்டில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தது அந்தப் பெண். எத்தனை நிமிஷம் என்பதை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். "என்ன சொல்றே?"

முதல் வருஷம், எட்டு வருஷம் என்று நோட்டு நிறைய எழுதிவைத்திருந்தாள். நோட்டைத் திறக்கவில்லை. "போடுண்ணே" என்றாள். சொல்லும்போதே மேசைக்கடியில் வலது கால் மெல்ல நீள ஆரம்பித்தது. அவள் குனிந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தூக்கி, நாற்காலியில் மடித்துப்போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் பேனாவை மூடும்வரை அசையவில்லை.