அந்தோணிதாஸ் டயர் வாங்குகிறார்

அந்தோணிதாஸ் டயரை முகர்ந்து பார்க்கிறார். கண்ணை மூடி மூச்சை இழுத்து, பிறகு கட்டைவிரல் நகத்தால் விளிம்பை அழுத்தி, பள்ளம் எழும்பி வருகிறதா என்று பார்க்கிறார். கோல சிலாங்கூரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சீனி முகம்மது, பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்து முடிக்கட்டும் என்பதுபோலக் கைகட்டி நிற்கிறார்.

"நல்ல பாலு பாய். மழைக்கு முந்தி எடுத்த பாலு."

"அண்ணே, ஸைஸ் பாத்தீங்களா லா?"

"நம்பர் பாக்குறது ஆபீஸ் கிராணி வேல. எனக்குப் பால் தெரியும்."

தெரியும்தான். பாதித் தோட்டம் செம்பனையாக மாறிவிட்ட இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றிலும், மிச்சமிருக்கும் ரப்பர் வரிசைகளில் பால்மரம் வெட்டிக் கோப்பையில் பால் இறக்குகிறவர். உலகத்தில் ஓடும் சக்கரமெல்லாம் தம் கோப்பையிலிருந்து புறப்பட்டுப் போனவை என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்டவர் டயரின் விலாவில் அச்சடித்த எண்ணைப் படித்தால் கௌரவம் என்னாவது?

வண்டி ஐம்பதுகளில் பிறந்த ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதன் சக்கரம் பத்தொன்பது அங்குலம். ஊரில் ஓடும் கப்சாய் என்கிற சின்ன வண்டிகளுக்குப் பதினேழு. அந்தோணிதாஸோ மணத்தில் மயங்கி ஒரு பதினெட்டை வாங்கி வந்தார். தோட்டத்து லயத்தில் தம் வீட்டு வாசலில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்பியால் நெம்பி, ஒரு பகல் முழுக்க அதோடு மல்லுக்கு நின்றார். ஏறவில்லை. "வெயில்ல ரிம் வீங்கிருச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, சக்கரத்தை நிழலில் சாய்த்து வைத்தார். இரும்பு இளைக்கும் என்று காத்திருந்த பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும். அடுத்து வாங்கியது பத்தொன்பதேதான், ஆனால் படு பருமன். செயின் கவரில் உரசிப் புகைந்தது. அந்தப் புகையையும் முகர்ந்துவிட்டு, "பாலு சுத்தம்" என்றார்.

இத்தனை ஆராய்ச்சியும் மனைவி ரோசரிக்காக. முன்பெல்லாம் ஞாயிறுதோறும் பின்னிருக்கையில் உட்கார்ந்துதான் ரோசரி பூசைக்குப் போவது. தவக்காலத்தில் ஒரு நாள் அசாம் ஜாவா சாலை வளைவில் பின் டயர் வெடித்தது. மூக்கு தேர்ந்தெடுத்த டயர்தான். மணம் இருந்தது, பழைய சரக்கு என்பதால் உள்ளே பிளந்தும் இருந்தது. ரோசரி வெள்ளைச் சேலையோடு வாய்க்காலில் கிடந்தார். அந்தோணிதாஸ் பதறி ஓடிப்போய்ப் பார்த்தார், டயரை.

அன்றிலிருந்து ரோசரி முழங்கால் வலியோடு பஸ்சுக்கு நடக்கிறார். "எனக்கு என்னா ஆச்சுன்னு ஒரு வார்த்த கேக்கல. டயர மோந்துக்கிட்டு நிக்கிறாரு. இனிமே டயரையே பூசைக்குக் கூட்டிக்கிட்டுப் போவட்டும்!"

லயமே சிரித்தது. அந்தோணிதாஸ் சிரிக்கவில்லை. நல்ல டயர் மாட்டிவிட்டால் ரோசரி ஏறிவிடுவார் என்று நம்பினார். பாவம், மனிதருக்குப் புத்தி அதற்குமேல் ஓடவில்லை.

போன வாரம் அவர் மானத்தை விட்டுச் சீனி முகம்மதுவிடம், "அந்த நம்பரக் கொஞ்சம் படி பாய்" என்றார். கடை ஒன்றும் இடிந்து விழவில்லை. கோலாலம்பூரிலிருந்து சரியான அளவு வந்தது. கம்பிக்கு வேலையில்லாமல் ஏறி உட்கார்ந்தது. "வாசமே இல்ல" என்பது மட்டும் அவர் குறை.

நேற்று ஞாயிறு. ரோசரி குடையோடு வெளியே வந்தார்.

"ஏறு புள்ள. நம்பர் பாத்துத்தான் வாங்குனேன்."

ரோசரி டயரைப் பார்த்தார். "டயரு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

அந்தோணிதாஸ் முதல் கியரில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார். இந்த நடைக்குப் பழகாத கிழட்டு எஞ்சின் இருமியது. அதே லயத்திலிருந்து பஸ்சுக்குப் போகிற நாங்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தோம். ராத்திரி மழையில் சேறாகிக் கிடந்த செம்மண் மேட்டில் ரோசரிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. குடையை ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டார்.

பின்னால் தடால் என்று ஒரு சத்தம். ஸ்டாண்டுகூடப் போடாமல் குதித்து ஓடி வந்திருந்தார் அந்தோணிதாஸ்.

"வண்டி விழுந்துருச்சி" என்றார் ரோசரி.

"கெடக்கட்டும். எங்க வலிக்குது?"

கேட்டுக்கொண்டே பூசை வேட்டியோடு சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் ரோசரியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.