காட்டை எந்தப் பக்கத்தால் சுற்றுவது?

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காட்டைச் சுற்றி வந்தேன். சிரிக்காதீர்கள். வேர்த்து விறுவிறுத்து, கையில் கட்லட் பெட்டியோடு சுற்றி வந்தேன்.

எல்லாம் என் அண்ணன் மகள் அபிராமிக்காக. அண்மையில், இங்கே கனடாவில் மில்லிக்கன் பகுதியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் சுதன். ஆளுக்கொரு சோபா நுனியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். "தம்பிக்கு என்னத்திலை விருப்பம்?" என்று அண்ணன் கேட்டார் — சுதனின் அம்மா பதில் சொன்னார். "பிள்ளை மேலை படிக்கிற யோசனையோ?" என்று அவர் கேட்டார் — அண்ணன் பதில் சொன்னார். கல்யாணம் யாருக்கும் யாருக்கும் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

ஞாயிறு இரவுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று மில்லிக்கனிலிருந்து தகவல் வந்தது. அபி என்னிடம் வந்தாள்.

"மாமி, நான் நோ எண்டு சொல்லேல்லை. ஆனா ஒரு ஹாஃப் அன் அவர் தனியக் கதைக்காமல் யெஸ் எண்டும் சொல்லமாட்டன்."

நியாயம்தானே? காலம் முழுக்கக் கூட இருக்கப்போகிறவனோடு அரை மணித்தியாலம். ஆனால் எங்கே? ஸ்காபரோவில் எந்தக் கோப்பிக் கடைக்குள் நுழைந்தாலும் மூலையில் எங்கள் ஆள் ஒருவர் இருப்பார். கோப்பி ஆறுவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும்.

என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரி ஒருத்தி வழி சொன்னாள். பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு காடு. சுலபமான நடைபாதை. வட்டமாகப் போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். தொலைய முடியாது. முக்கியமாக, அங்கே தமிழர் யாரும் வருவதில்லை.

வந்தார்கள். அபியையும் சுதனையும் கூட்டிக்கொண்டு "நடக்கப் போகிறோம்" என்று நான் சொன்னதும், "எனக்கும் சீனி வருத்தம், டொக்டர் நடக்கச் சொன்னவர்" என்று சுதனின் அம்மா காரில் ஏறிவிட்டார். அவரோடு கட்லட் பெட்டியும் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது பெண் வீட்டார் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் வேண்டாமா? அண்ணனும் ஏறினார். அபி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் ரோட்டை மட்டும் பார்த்துக் காரை ஓட்டினேன்.

காட்டு வாசலில் காரை நிறுத்தினேன்.

"உந்தப் பாதை எங்கை போகுது?" என்றார் அண்ணன்.

"ஒரு இடமும் போகாது அண்ணை. சுத்தி இஞ்சைதான் வரும்."

"அப்ப இஞ்சையே நிண்டால் என்ன?"

நான் காரைப் பூட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பாதை அங்கேயே இரண்டாகப் பிரிந்தது. மரத்தில் ஒரு மஞ்சள் அம்புக்குறி, வலப்பக்கம் போகச் சொன்னது. நாங்கள் திரும்பினோம். சுதனின் அம்மா அசையவில்லை.

"உப்பிடிப் போனால் காடு இடக்கைப் பக்கமெல்லே வரும். செத்தவீட்டிலைதான் உப்பிடிச் சுத்துறது. நல்ல காரியம் பேசிற நேரம்... கோயில் சுத்துற மாதிரி மற்றப் பக்கத்தாலை போவம்."

கனடாக் காட்டில் மூலஸ்தானம் எங்கே இருக்கிறது? சம்பந்தியாக வரக்கூடியவரிடம் கேட்கிற கேள்வியா இது? வாயை மூடிக்கொண்டேன்.

அபி மூடவில்லை. "அப்ப நீங்கள் மூண்டு பேரும் அந்தப் பக்கத்தாலை போங்கோ அன்ரி. நாங்கள் அம்பு காட்டினபடி வாறம். நடுவிலை மீற் பண்ணுவம்."

"நாங்கள் எண்டால் ஆர்?"

"நான் அம்புப் பக்கத்தாலை போறன் அம்மா" என்றான் சுதன். அன்று அவன் வாயிலிருந்து வந்த முதல் வசனம் அதுதான். அபி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

சுதனின் அம்மா தவித்துப் போனார். கூடப் போனால் அபசகுனம். போகாவிட்டால் பிள்ளைகள் தனியே. கடைசியில் சாஸ்திரம்தான் வென்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

நடுக்காட்டில் ஓர் ஓடை, அதன்மேல் ஒடுங்கிய மரப்பாலம். அங்கேதான் எதிரெதிரே சந்தித்தோம். முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்களைக் கண்டதும் நின்றுவிட்டது.

"கதைச்சு முடிஞ்சுதோ?"

"பாதிதான் அன்ரி."

அம்மா என் கையிலிருந்த பெட்டியைத் திறந்து மகனிடம் ஒரு கட்லட்டை நீட்டினார். அவன் அதை அபியிடம் கொடுத்துவிட்டு, தனக்கு வேறொன்று எடுத்துக்கொண்டான். அம்மா அதைக் கண்டும் காணாத மாதிரி நின்றார்.

பிறகு நாங்கள் விழுந்து கிடந்த மரத்திலெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து ஒருவாறு கார் நின்ற இடத்துக்கு வந்தோம். பிள்ளைகளைக் காணவில்லை. நாங்கள் உள்ளே போன பாதையால் அவர்கள் எப்போதோ வெளியே வந்திருக்கவேண்டும். அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் இறங்கியது. ஒருவரும் வரவில்லை.

"தம்பி பேஜர் வைச்சிருக்கிறார்தானே, அடிச்சுப் பாப்பம்" என்றார் அண்ணன்.

"எங்கையிருந்து அடிக்கிறது? மரத்திலையிருந்தோ?" என்றேன்.

"அப்பவே சொன்னனான், உந்தப் பக்கத்தாலை போகவேண்டாம் எண்டு." சுதனின் அம்மா என்னைத்தான் பார்த்துச் சொன்னார். திட்டம் போட்டவள் நானல்லவா? வேலைக்குப் போயிருக்கும் அண்ணிக்கு என்ன சொல்வேன்?

பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் — நாங்கள் வெளியே வந்த பாதையால் இரண்டு பேரும் சப்பாத்தெல்லாம் சேறாக வருகிறார்கள்.

"எங்கை போனனீங்கள்? எப்பிடி இந்தப் பக்கத்தாலை வாறியள்?" என்றார் சுதனின் அம்மா.

அபிக்கு மூச்சு வாங்கியது. "நாங்கள் வரேக்கை நீங்கள் வந்து சேரேல்லை. எங்கடை கதையும் முடியேல்லை. அதுதான் உங்கடை பக்கத்தாலை இன்னொருக்காச் சுத்தினாங்கள். முதல் சுத்தினது கன்சல் ஆகியிருக்கும், மாமி."

"எனக்கென்னத்துக்கடி சொல்லுறாய்? கேட்டது அவ" என்றேன் எரிச்சலோடு.

அபி என் பக்கம் திரும்பவேயில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது சுதனின் அம்மாவை. அதுவரை "அன்ரி, அன்ரி" என்று கூப்பிட்ட அதே சுதனின் அம்மாவை. சுதன் மரங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எங்களில் அப்பாவின் தங்கையும் மாமிதான், புருஷனின் அம்மாவும் மாமிதான். கனடாவில் அவளுக்கு மாமி என்று இதுவரை இருந்தது நான் ஒருத்திதான். சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும்தான்.

திரும்பி வரும்போது அண்ணன் என் காதுக்குள் மெதுவாகக் கேட்டார்: "அப்ப... பிள்ளையின்ரை முடிவை எப்ப கேக்கிறது?"