வெண்கலத்தின் கீழ்ப்பல் செட்

விடிவதற்குச் சற்று முன், ஐந்தேகால் மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "உங்க அண்ணன் போயிட்டாரும்மா" என்றாள் நர்ஸ். தங்கை "சரி" என்று மட்டும் சொன்னாள். அழுகை வரவில்லை. அலமாரியிலிருந்த டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். டப்பாத் தண்ணீரில் அண்ணனின் பல்செட்டுகள், மேல்செட்டும் கீழ்செட்டும், கிடந்தன. தொண்டையில் குழாய் போடுவதற்கு முன் கழற்றி அவள் கையில் கொடுத்திருந்தார்கள்.

காய்கறிச் சந்தையில் ஏலம் கூறியவர் அண்ணன். அந்தக் குரலுக்கு மைக் வேண்டாம். 'வெண்கலம்' என்றால்தான் சந்தையில் தெரியும். ஐம்பதைத் தாண்டுவதற்குள் சர்க்கரை நோய் பற்களை வாரிக்கொண்டு போனது. மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கீழ்செட்டுக்குத்தான் பிடிமானமில்லை. ஒருநாள் தக்காளி ஏலம் சூடுபிடித்த நேரத்தில் அது வாயிலிருந்து எகிறிக் கூடைக்குள் விழுந்தது. ஒரு மொத்த வியாபாரி அதைத் தூக்கிப் பிடித்து, "சொத்தை ஒண்ணுகூட இல்ல, யாரு கேக்குறீங்க?" என்று கூவினார். சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெண்கலமும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், பல நாள் வாசல் பக்கமே போகவில்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, பல் டாக்டர் கீழ்த்தாடை எலும்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருகாணிகளைப் பதித்தார். அவற்றின் தலைகள் ஈறுக்கு மேல் குமிழாக நின்றன. புதுச் செட்டின் அடியில் அவற்றுக்கு நேராக இரண்டு சின்னக் கிண்ணங்கள், உள்ளே நைலான் வளையங்கள். சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரிதான். கட்டைவிரல்களால் அழுத்தினால் வளையம் குமிழைக் கவ்வி 'டக்' என்னும். இரண்டு பக்கமும் அந்தச் சத்தம் வந்தால்தான் பூட்டியதாகக் கணக்கு.

"இனிமே எவன் என் வாயை ஏலம் விடுறான்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார்.

பக்கவாதத்தில் கை விழுந்தபின் செட்டைக் கழற்றி மாட்டுவது தங்கையின் வேலையானது. கணவனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள் அவள். பல்லில்லாத முகத்தை வேறு யாருக்கும் அவர் காட்டியதில்லை.

"நான் போயிட்டா சந்தை ஆளுங்க வருவானுங்க. பொக்கை வாயோட என்னைக் காட்டிடாத தங்கச்சி."

"போகாம இரு. எனக்கும் வேலை மிச்சம்."

வார்டில் அவர் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கன்னங்கள் உள்ளே விழுந்திருந்தன.

"சிஸ்டர், இந்தக் கட்டைக் கொஞ்சம் அவிழ்க்கணும்."

"இப்ப எதுக்கும்மா? தாடை விறைக்க ஆரம்பிச்சாச்சு. வெளிய ஆளுங்க வேற வந்து நிக்கிறாங்க."

"அவங்க வந்துட்டாங்கன்னுதான் கேக்குறேன்."

டப்பாவைப் பார்த்த நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, தாடைக் கட்டை அவிழ்த்தாள்.

மேல்செட் சுலபமாக உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. குமிழ்களில் காய்ந்திருந்த கசடை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, கீழ்செட்டை வைத்து அழுத்தினாள். வலப்பக்கம் 'டக்' என்றது. இடப்பக்கம் ஆடியது. இன்னொரு முறை அழுத்தினாள். நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"வாரக்கணக்குல செட் போடலல்ல, இந்தப் பக்கம் ஈறு வீங்கிக் குமிழைப் பாதி மூடிருச்சும்மா. உயிரோட இருந்தா டாக்டர் சதையை ஒதுக்கி விடுவார். இப்ப விட்டுடுங்க."

அவள் விடவில்லை. கட்டைவிரலை ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கினாள்.

"வலிக்குதா அண்ணா?"

பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகுதான் கட்டைவிரலை எடுத்தாள். நர்ஸ் அவளை மெதுவாக விலக்கி, செட் ஆடாதபடி தாடையை இறுக்கிக் கட்டினாள்; திரையை விலக்கினாள்.

சந்தை ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "இப்பவே எழுந்து ஏலம் கூவுவாரு போல இருக்கே" என்று மூட்டை தூக்கும் ஒருவர் குலுங்கி அழுதார். தங்கை அண்ணனின் தலைமாட்டிலேயே நின்றாள். இடப்பக்கம் கடைசிவரை பூட்டவில்லை.