கூரை மேல் ஒரு வட்டமேஜை மாநாடு

தேசத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்று டெல்லியில் தலைவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில், மயிலாப்பூரில் அதே பொறுப்பை நானும் என் நண்பனும் ஏற்றிருந்தோம். அவன் சாந்தோமில் வாத்தியார். எங்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லை, அதனாலென்ன? பிரித்துத் தொலைக்கட்டும் என்றான் அவன். கூடவே கூடாது என்றேன் நான். "இனிமே உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டுப் போனான்.

சமையலறைக் கூரையில் ஓடு உடைந்திருப்பதாக என் மனைவி அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தேசத்தின் எல்லை எங்கே விழுமோ என்று தவிப்பவன் கண்ணில் ஓடா படும்? மழை கொட்டி அடுப்பு அணைந்ததும், அவள் என்னை நம்பாமல் அவனுக்கு ஆள் அனுப்பினாள்.

சபதத்துக்குப் பங்கமில்லாமல் கொல்லை வழியாக ஏணியோடு வந்தான். இருவரும் கூரை ஏறினோம்.

என் கையிலிருந்து புது ஓடு ஒன்றை வாங்கும்போது, "வடக்க ஒரே வெட்டுக்குத்தாமே? மனசே சரியில்லப்பா" என்றான்.

"எனக்கும்தான்" என்றேன். அந்த ஒற்றுமை ஒரு நிமிஷம் நீடித்தது. பிறகு கூரை மேலேயே பழைய சண்டை ஆரம்பித்தது.

கீழிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏன்னா, தேசத்தை அப்புறமா பிரிச்சுக்கலாம். ஆத்துல ஒழுகறதை மொதல்ல அடைங்கோ. அண்ணா, உங்களுக்கும்தான் சொல்றேன்!"

அடைத்தோம். சாயங்காலம் மறுபடி மழை வந்தபோது, ஒரு இடத்தில் ஒழுகிய கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. அவள் இரண்டு அண்டாக்களை வைத்துவிட்டு எங்களுக்கு ரசம் சாதம் பரிமாறினாள். அவன் இன்னொரு கரண்டி ரசம் கேட்டான்.