பாயில் ஊற்றிய தண்ணீர்

மலாயாவில் கம்யூனிஸ்ட் கலகம் நடந்த அவசரகாலத்தில் ஒருநாள், அம்மாவுக்குக் கண் காட்டக் கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். எனக்குப் பதினைந்து வயது. திரும்ப பஸ் இல்லை. புக்கிட் ரோத்தான் பக்கம் கம்யூனிஸ்டுகள் லோரியைக் கொளுத்திவிட்டார்கள், ரோட்டை மூடியாச்சு என்றார்கள். ஆறு மணிக்கு ஊரடங்கு. தெருவில் நின்றால் பிடித்துப் போவார்கள்.

சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒரு சீன அம்மாவின் ஹோட்டலைக் காட்டினார். அது ஜப்பான்காரன் தெருவில் இருந்தது. உலகச் சண்டைக்கு முன்னே ஜப்பான்காரர்கள் அங்கே முடிவெட்டும் கடை, போட்டோக் கடை எல்லாம் வைத்திருந்தார்கள். ஜப்பான் காலத்தில் அவர்களுடைய ஆபீசர்கள் தங்கியதும் அங்கேதான்.

என் அப்பாவைச் சயாமில் ரயில் ரோடு போடும் வேலைக்குப் பிடித்துப் போனவர்கள் அவர்கள். போனவர் வரவில்லை. செத்ததைப் பார்த்தவரும் இல்லை. அதனால் அம்மா பொட்டும் தாலியுமாகவே இருந்தாள்.

அந்த வீட்டில் கால் வைக்க மாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஏறினாள். மாடிப்படியில் உத்திரம் தாழ்ந்திருந்தது. நான் தலையை இடித்துக்கொண்டேன். அம்மா குனிந்து போனாள். அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

அறை முழுக்க, மேலே கோரை பின்னிய கனமான வைக்கோல் பாய், பலகை அடித்த மாதிரி இறுக்கிப் பொருத்தியது. ஜப்பான்காரன் விட்டுப்போனதைச் சீன அம்மா அப்படியே வைத்திருந்தாள்.

காலையில் பஸ் விசாரிக்க அம்மா கீழே இறங்கினாள். படுத்த இடத்தைச் சுத்தம் பண்ணாமல் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதிலும் அவன்கள் படுத்த இடம். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பாயில் ஊற்றி, எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரையைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன்.

திரும்பி வந்த அம்மா விளக்குமாற்றைப் பிடுங்கினாள்.

"இதுல தண்ணி ஊத்தக் கூடாதுடி. துணிய நல்லாப் பிழிஞ்சு, கோரை ஓடுற பக்கமாவே துடைக்கணும்."

முந்தானையால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பழகின கை.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

தலை நிமிராமல் சொன்னாள். அப்பாவைக் கொண்டுபோன பிறகு இந்த வீட்டு ஆபீசர்களிடம் விசாரிக்க வந்தாளாம். கேட்டுச் சொல்கிறோம், அதுவரை வீட்டைத் துடை என்றார்களாம். லயத்தில் வயல் வேலை என்று சொல்லிவிட்டு நாலு மாசம் வந்திருக்கிறாள். கடைசியில் இதே அறையில் வைத்து, வாந்திபேதியில் அப்பா போய்விட்டதாகச் சொன்னார்களாம்.

அத்தனை வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல், அப்பா வரவேண்டும் என்று விளக்கேற்றியவள் நான். அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவள் இவள்.

"அப்புறம் எதுக்கு இந்தப் பொட்டு?"

"புருஷன் வருவான்னு இருக்கிறவ கதவ எவனும் தட்ட மாட்டான். பொட்டப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் வேற என்னடி செய்ய?"

பஸ்ஸில் நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

தோட்டத்து முள்கம்பி வாசலில் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுக்க அரிசி ஒளித்திருக்கிறோமா என்று போலீஸ்காரர்கள் சோதித்தார்கள். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் அங்கே நின்றுகொண்டு, ராத்திரி தங்கியதைக் கேலி பேசினான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"என்னா, ஒன் வீட்டுக்காரன் சேதி ஏதும் உண்டா லா?"

எப்போதும் பட்டென்று பதில் சொல்கிறவள், அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"வந்துக்கிட்டு இருக்காராம்" என்றேன் நான்.

மண்டோர் ஒதுங்கி வழிவிட்டான்.